ஊழியர் கருத்துக்கணிப்புத் தரவுடன் போட்டிக்குத் தயாராவது எப்படி?

ஒரு நிறுவனத்தின் ஊழியர் கருத்துக்கணிப்பைக் கையில் கொடுத்து, 'இங்கே என்ன கோளாறு, என்ன செய்யலாம்?' என்று கேட்கும் மாணவர் போட்டிகள் உண்டு. முதன்முறை கலந்துகொள்ளும் அணிகள் முப்பது வரைபடங்களைப் போட்டுவிட்டு, கடைசியில் எதையும் உருப்படியாகச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குவார்கள். அதைத் தவிர்க்க ஒரு பயிற்சி.

படி 1: தரவை எடுத்துப் படியுங்கள்

தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் (Kaggle) தளத்தில் ஐபிஎம் ஊழியர் விலகல் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 1,470 ஊழியர்கள், 35 பத்திகள் (நெடுவரிசைகள்). நிறுவனத்தின் தரவு அறிவியலாளர்கள் உருவாக்கிய கற்பனைத் தரவுதான். பழகுவதற்கு அது போதும்.

எக்ஸெல்லில் திறந்ததும் கணக்கில் இறங்காதீர்கள். பத்திகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'ஸ்டாண்டர்டு ஹவர்ஸ்' பத்தியில் எல்லோருக்கும் 80. 'ஓவர் 18' (18 வயதுக்கு மேற்பட்டவரா) பத்தியில் எல்லோருக்கும் 'ஒய்', அதாவது 'ஆம்'. இவற்றால் பயனில்லை, நீக்கிவிடலாம். பணி-வாழ்க்கைச் சமநிலைக்கான அளவுகோல் இன்னும் வேடிக்கையானது: 1 மோசம், 2 நன்று, 3 மேலும் நன்று, 4 மிக நன்று. நான்கில் மூன்று பாராட்டு! இதன் சராசரி 2.76 என்று பெருமையாகத் திரையில் காட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது?

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

'ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?' என்பதற்கு விடை தேடினால் பொழுது போய்விடும். 'யார் விலகுகிறார்கள்?' என்று கேளுங்கள். 1,470 பேரில் 237 பேர் விலகியிருக்கிறார்கள். சுமார் 16 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் இதனோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

படி 3: பிவட் டேபிள்

பிவட் டேபிள் என்பது தரவைக் குழு குழுவாகப் பிரித்து எண்ணிக் காட்டும் எக்ஸெல் வசதி. 'இன்சர்ட்' மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். வரிசையில் 'ஓவர்டைம்', பத்தியில் 'அட்ரிஷன்' (விலகல்), மதிப்பில் 'எம்ப்ளாயி நம்பர்' (ஊழியர் எண்). எக்ஸெல் அந்த எண்களைக் கூட்டிக் காட்டும். அதை 'கவுண்ட்' (எண்ணிக்கை) என்று மாற்ற மறக்காதீர்கள்.

கூடுதல் நேரம் வேலை பார்த்த 416 பேரில் 127 பேர் விலகியிருக்கிறார்கள். பார்க்காத 1,054 பேரில் 110 பேர். ஏறத்தாழ 30.5க்கு 10.4 சதவீதம்.

பல அணிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நீங்கள் வரிசையில் துறையை வைத்துப் பாருங்கள். விற்பனைத் துறையில் 446 பேரில் 92 பேர் விலகல். பிறகு பதவியை வையுங்கள்: விற்பனைப் பிரதிநிதிகள் 83 பேரில் 33 பேர் போய்விட்டார்கள், கிட்டத்தட்ட 40 சதவீதம். அதே துறையின் விற்பனை நிர்வாகிகள் 326 பேரில் 57 பேர்தான். 'விற்பனைத் துறையில் பிரச்சினை' என்று சொல்லியிருந்தால் பாதிதான் உண்மை.

மனிதவளத் துறையில் 19 சதவீதம் என்று பார்த்துப் பதறவும் வேண்டாம். அது 63 பேரில் 12 பேர். இரண்டு பேர் தங்கியிருந்தாலே சதவீதம் மூன்று புள்ளி இறங்கிவிடும்.

படி 4: காரணம் என்று அவசரப்படாதீர்கள்

விற்பனைப் பிரதிநிதிகளின் சராசரி மாத வருமானம் சுமார் 2,600. நிர்வாகிகளுடையது சுமார் 6,900. அவர்களை விரட்டியது கூடுதல் நேரமா, குறைந்த சம்பளமா, வேலைக்குப் புதியவர்கள் என்பதா? அந்த 83 பேரை மட்டும் வடிகட்டி, ஓவர்டைம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பாருங்கள். விடை என்ன வந்தாலும், குழு சிறியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 5: பரிந்துரை

'ஊழியர் நலனை மேம்படுத்த வேண்டும்' என்பது பரிந்துரையே அல்ல. பிரதிநிதிகளில் ஒரு பாதிக்கு மட்டும் ஆறு மாதம் கூடுதல் நேரத்துக்கு உச்சவரம்பு வைத்து, மறு பாதியோடு விலகலை ஒப்பிடலாம் என்று சொல்லுங்கள். யார் செய்வது, எவ்வளவு செலவு, எப்போது அளப்பது என்பது ஒரே பக்கத்தில் வரட்டும்.

போட்டியில் உண்மையான தரவு தந்தால் இரண்டு எச்சரிக்கை. ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள குழுவின் பதில்களைத் திரையில் காட்டாதீர்கள். யார் எழுதியது என்று சக ஊழியர் கண்டுபிடித்துவிடுவார். கணிப்பில் பங்கேற்காதவர்கள் எத்தனை பேர், எந்தத் துறையினர் என்பதையும் தயாராக வைத்திருங்கள். நடுவர்களில் ஒருவராவது அதைக் கேட்பார்.