பழைய லப்டொப்புக்கு எந்த லினக்ஸ்? நிறுவ முதல் ஒருக்கா ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் TPM 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை செயலியாவது வேண்டும் என்கிறார்கள். கொக்குவிலில் எங்கள் வீட்டில் கிடந்த லப்டொப்பில் இரண்டும் இல்லை, ஆனால் அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, அதைத் தூக்கி எறிய மனம் வருமா? அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம்.

1. முதலில் ராம் எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியிலேயே இருக்கும். 4 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டின் சினமன் பதிப்பு, 2 ஜிபிதான் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், மின்டே அதன் மேல் கட்டியதுதான். ஆனால் விண்டோஸில் பழகிய அம்மாவுக்குக் கீழ் மூலையில் மெனு இருந்தால்தான் கை போகும், அதனால் என் ஓட்டு மின்டுக்கே.

2. மின்டின் தளத்தில் ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், இரவு டேட்டா இருந்தால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

3. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் அதை எழுதுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும்.

4. இதுதான் முக்கியம். லப்டொப்பைப் போடும்போது எஃப்12 (சிலதில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்தி, பென் டிரைவிலிருந்தே தொடங்குங்கள். ஒன்றும் நிறுவாமலே மின்ட் ஓடும், கொஞ்சம் மெதுவாக ஓடினால் அது பென் டிரைவின் குணம், பயப்படாதீர்கள். இப்போது வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் உடனே கைவிட வேண்டாம். போனை யூஎஸ்பி வயரில் கொழுவி அதன் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மின்டின் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, வைஃபைக்கான டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. சரி, எல்லாம் பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முதல் படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். முதல் தடவை நான் அவசரத்தில் "டிஸ்க் முழுவதையும் அழி" என்பதை அமத்திவிட்டேன், தங்கச்சியின் சாமத்திய வீட்டுப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவா. இன்னொன்று, பற்றரி முழுக்க சார்ஜ் இருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் பெரிய தலையிடி.

6. தமிழில் தட்டச்சு செய்ய, மெனுவில் இன்புட் மெதட் என்பதில் ஐபஸ் (IBus) என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, அதற்கான m17n என்ற விசைப்பலகைத் தொகுப்பின் பட்டியலில் பாருங்கள்: தமிழ்99உம் இருக்கிறது, நம் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவை மட்டும் கொண்டுவந்து போட்டால் போதும், மின்டோடு வரும் லிப்ரே ஒபிஸ் திறந்து காட்டும்.