எந்த வேலைக்கு எந்த மியூசிக் சாஃப்ட்வேர்? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

"எது பெஸ்ட்?" என்று கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும். அடுத்த மூன்று மாதத்தில் எதை முடிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கானா பீட்டா, கச்சேரிப் பதிவா, குறும்படமா? பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

படி 1: வேலைக்குப் பொருத்துங்கள்

பீட் போடுவதற்கு எஃப்எல் ஸ்டூடியோ. ஒருமுறை வாங்கினால் போதும், அப்டேட்டுக்கு மறுபடி காசு கிடையாது. ட்ரையலில் சேவ் செய்த பிராஜெக்டை வாங்கும்வரை திறக்க முடியாது. அதனால் அன்றன்றைக்கு வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். விலை குறைந்த ஃப்ரூட்டி எடிஷனில் குரலைப் பதிவு செய்ய முடியாது. பாடப் போகிறவர்கள் புரொடியூசர் எடிஷனுக்குப் போங்கள்.

மார்கழிக் கச்சேரிக்கு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி ஆகும். 8 மைக், இரண்டரை மணி நேரம் என்றால் 10 ஜிபியைத் தாண்டும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கச்சேரியில் க்ளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) கிடையாது. பிராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை (பதிவான துண்டுகள் எதோடு ஒட்டி நிற்கும் என்பதை) 'பீட்ஸ்' என்பதிலிருந்து 'டைம்' என்று மாற்றிவிடுங்கள். மாற்றாமல் பிறகு டெம்போவைத் தொட்டால் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று இழுபடும்.

குறும்படத்துக்கு டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர். இலவசப் பதிப்பிலேயே ஒலிக்கென்று ஃபேர்லைட் பக்கம் இருக்கிறது. பிராஜெக்ட் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும். கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் சவுண்ட் வேலைக்குச் சேர நினைப்பவர்கள் புரோ டூல்ஸ் என்ற ஸ்டூடியோ சாஃப்ட்வேரைத் தவிர்க்க முடியாது.

மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். அதில் செய்ததை ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக் புரோவில் அப்படியே திறக்கலாம்.

படி 2: ட்ரையலில் நம்ம ஊர்ப் பரீட்சை

மிஸ்ர சாபுக்கு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) டைம் சிக்னேச்சரை 7/8 வைத்து நான்கு ஆவர்த்தனம் போடுங்கள். பிறகு கீபோர்டில் ஒரு கமகம். பெரும்பாலான சின்த்களில் (சாஃப்ட்வேர் வாத்தியங்களில்) பிட்ச் பெண்ட், அதாவது சுருதியை வளைக்கும் எல்லை, 2 செமிடோனில்தான் (இரண்டு அரைச் சுரத்தில்தான்) இருக்கும். சின்த்திலேயே 12 ஆக்காவிட்டால் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) பாதி வழியில் நின்றுவிடும். இந்த இரண்டையும் அரை மணியில் செய்ய முடிகிறதா? அந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு ஒத்துவரும்.

படி 3: குரல் தாமதமாகக் கேட்டால்

சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கம்பெனியின் ஏஎஸ்ஐஓ என்ற, தாமதத்தைக் குறைக்கும் டிரைவரைப் போட்டு, பாடும்போது பஃபரை (ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவை) 128 வையுங்கள். படபடவென்று வெடித்தால் 256. மிக்ஸ் செய்யும்போது 1024.

(ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். வியர்வையை எந்த மைக்கும் பிடிக்காது, காற்றைப் பிடிக்கும்.)

படி 4: காசு கொடுக்கும் முன்

பல இன்டர்ஃபேஸ்களோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற சாஃப்ட்வேர் இலவசமாக வரும்; லூப் அடுக்கிப் பார்க்க அதுவே போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்டர்ஃபேஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ரெஜிஸ்டர் கோடு பழைய ஆள் பெயரில் போயிருக்கும். அந்த சாஃப்ட்வேரை விலையில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.