சீகை மரமும் திறந்த மனதும்: எங்கே சறுக்குகிறோம்?

கொடைக்கானலில் சீகை மரத்தைப் பற்றிப் (சீயக்காய் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்த ‘வாட்டில்’ மரம்) பேச்செடுத்தால் போதும், டீக்கடை இரண்டாகிவிடும். வெட்டித் தள்ள வேண்டும் என்று ஒரு கட்சி, கை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. கருத்தைப் பிடித்துக்கொள்வதில் நாம் செய்யும் தவறுகள் அத்தனையும் இந்த ஒரு மரத்தடியில் காணக் கிடைக்கும்.

மலையுச்சிப் புல்வெளிகளை ஆங்கிலேய ஆட்சி தரிசு என்றே கணக்கிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, விறகுக்கும் காகிதக் கூழுக்கும் தைல மரம் என்று நட்டுக்கொண்டே போனார்கள். மழையை வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுவதும், வரையாடு மேய்வதும், குறிஞ்சி பூப்பதும் அந்தத் ‘தரிசில்’தான். மரம் நடுவது புண்ணியம் ஆயிற்றே, யார் கேள்வி கேட்பார்கள்? நல்ல காரியம் என்று பெயர் வாங்கிவிட்ட எண்ணத்தைச் சோதித்துப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது இதைவிட மோசம். மனம் மாறிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு எதிர்க்கோடிக்கு ஓடுவது. புல்வெளியின் அருமை தெரிந்ததும், அந்நிய மரங்களை ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டும் என்று பலர் கிளம்பினார்கள். சீகையை மொட்டையாக வெட்டிய இடத்தில் வெயில் பட்டால், மண்ணுக்குள் பல ஆண்டுகளாகக் கிடந்த விதைகள் மொத்தமாக முளைத்து, ஆள் நுழைய முடியாத புதராகின்றன. வட்டக்கானல் பக்கம் முதிர்ந்த சீகைத் தோப்புகளில் குனிந்து பாருங்கள்: சருகுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், செந்தளிரோடு, இம்மலையின் சொந்தக் காடான சோலையின் மரக் கன்றுகள். பறவைகள் போட்ட விதை, சீகை தந்த நிழல். அங்கே கோடரி வைத்தால் சோலையும் சேர்ந்து போகும். புல்வெளிக்குள் புகும் சீகையைப் பிடுங்குவது சரி. சோலைக்குக் குடை பிடிக்கும் சீகையை விட்டுவைப்பதும் சரி. அதே மலை, அதே மரம், விடை மட்டும் இரண்டு.

சொன்னது யார் என்று பார்த்து எடை போடுவது இன்னொன்று. இம்மலையின் பழங்குடியினரான பளியர் சொன்னால் ‘ஏதோ அனுபவம்’, அதையே பட்டம் பெற்றவர் சொன்னால் ‘உண்மை’. படித்தவரைக் ‘காட்டைப் பார்க்காதவர்’ என்று தள்ளுவதும் இதே நோய்தான்.

எதிர்பார்த்ததையே காண்பதும் ஒரு தவறு. அதில் சிக்காதவருக்கு இந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. சூரியனில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு சூறாவளிபோலச் சுழலும் என்ற கருத்து செல்வாக்கோடு இருந்த காலம் அது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்களோ (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதிந்த படங்கள்), வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் காட்டின. படம் காட்டியதையே அவர் எழுதினார். இன்றும் அந்த இயக்கத்துக்கு அவர் பெயர்தான்.

கடைசியாக, ‘எல்லார் சொல்வதும் சரிதான்’ என்று நழுவுவது. அதற்குப் பணிவு என்று பெயர் வைக்க வேண்டாம். புல்வெளியில் முளைத்த சீகைக் கன்று கையால் பிடுங்கும் உயரத்தில் இருப்பது கொஞ்ச காலம்தான். அதை இந்த வாரமே பிடுங்கலாம். முதிர்ந்த தோப்பைப் பற்றிய வாதத்தை அடுத்த வாரமும் டீக்கடையில் தொடரலாம்.