எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் மட்டும் விழும் பாஷ்

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தவறான நினைவக அணுகலால் நிரல் விழுவது) என்கிறது. இப்படி ஒரு ஸ்கிரிப்ட் வந்தால் நான் முதலில் பார்ப்பது கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பில் உள்ள வரியைத்தான். கோப்பின் பெயருக்கு முன்னால் ‘எஸ்ஹெச்’ இருந்தால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்) என்று எழுதியிருப்பது வெறும் கமென்ட். ஃபெடோரா லினக்ஸில் எஸ்ஹெச் என்பதும் பாஷ்தான். ஆனால் அந்தப் பெயரில் அழைத்தால், போசிக்ஸ் தரத்தின் விதிகளை ஒட்டி நடக்கும் போசிக்ஸ் மோடுக்குள் போய்விடும்.

அடுத்து, அது நிஜமாகவே கிராஷா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும் எக்ஸிட் கோடை அச்சிடுங்கள். 139 என்றால் 128 கூட்டல் 11. அந்த 11தான் செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னல். 1, 2 என்று சின்ன எண் வந்தால் ஷெல் தானாக வெளியேறியிருக்கிறது. போசிக்ஸ் மோடில், வேறொரு கோப்பை உள்ளே இழுத்து ஓட்டும் புள்ளி கமாண்ட் தேடும் கோப்பு இல்லாவிட்டால்கூட ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்கு டீபக்கர் எதற்கு?

139தான் என்றால், பாஷுக்கு போசிக்ஸ் ஆப்ஷன் கொடுத்துக் கையால் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் கிரான் நிரபராதி. மைனஸ் எக்ஸ் போட்டு, ஓடும் ஒவ்வொரு கமாண்டையும் காட்டும் டிரேஸ் எடுங்கள். டிரேஸ் வரிகளின் முன்னால் வரும் பிஎஸ்4 மாறியில் வரி எண்ணையும் சேர்த்துவிட்டால் தேடுவது சுலபம். கோப்பைப் பாதி பாதியாக வெட்டி, இன்னும் விழுகிற பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் அடிக்கடி பார்ப்பது இது: மேலே ஒரு வரியில், சொல் தேடும் ‘கிரெப்’ கமாண்டுக்கு ‘மைகிரெப்’ என்று ஏலியாஸ் (மாற்றுப் பெயர்). கீழே ‘மைகிரெப்’ என்ற ஃபங்ஷன், அதற்குள் ‘கிரெப்’. சாதாரண பாஷ், ஸ்கிரிப்டுக்குள் ஏலியாஸை விரிக்காது. அதனால் ஒரு வம்பும் இல்லை. போசிக்ஸ் மோடில் விரிக்கும், அதுவும் ஃபங்ஷனைப் படிக்கும்போதே. உள்ளே இருக்கும் ‘கிரெப்’ ‘மைகிரெப்’ ஆகிறது, ஃபங்ஷன் தன்னையே அழைக்கிறது, அழைப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் நிரம்பியதும் ஷெல் செத்துப்போகிறது. டிரேஸில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் இதுதான்.

டிரேஸ் புரியவில்லையா? யுலிமிட்டில் கோர் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) அளவை வரம்பில்லாமல் வைத்து மறுபடி விழ வையுங்கள். சிஸ்டம்டி இருந்தால் கோர்டம்ப்சிடிஎல் வழியாகவே ஜிடிபி என்ற டீபக்கரைத் திறக்கலாம். பேக்டிரேஸை (அழைப்புகளின் அடுக்கை) ‘பிடி 30’ என்று எண்ணோடு கேளுங்கள், இல்லாவிட்டால் திரை ஓடிக்கொண்டே இருக்கும். டீபக் சிம்பல்களை நிறுவியிருந்தால், ‘எக்ஸிக்யூட் ஃபங்ஷன்’ அடுக்கடுக்காகத் தெரியும்.

தீர்வு ஒரு சொல்தான்: உள்ளே ‘கமாண்ட் கிரெப்’ என்று எழுதுங்கள். ஏலியாஸும் ஒட்டாது, ஃபங்ஷனும் குறுக்கே வராது. கூடவே, ஃபங்ஷன் அழைப்புகளின் ஆழத்துக்கு வரம்பு வைக்கும் ஃபங்க்நெஸ்ட் மாறிக்கு 100 கொடுத்து வைப்பேன். பாஷ் 4.2 முதல் இது உண்டு. அப்புறம் இப்படி ஒரு சுழல் வந்தால், ஃபங்ஷன் பெயரோடு ஒழுங்கான பிழைச் செய்தி கிடைக்கும்.

ஸ்டாக்கில் சுழல் எதுவும் தெரியாமல் இரண்டு மூன்று வரி ஸ்கிரிப்டே விழுகிறதென்றால், சரி, அது பாஷின் பிழையாகவே இருக்கலாம். புதிய பதிப்பிலும் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த வரிகளையும் பேக்டிரேஸையும் பாஷோடு வரும் பிழை அறிவிப்புக் கருவியான ‘பாஷ்பக்’ வழியாக அனுப்பிவிடுங்கள்.