எந்த ஏரியைப் பார்க்கிறீர்கள்? மழைக்கால அறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து நகர் நலச்சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். ஐ.டி. வேலை, முப்பது வயசு இருக்கும். குழுவில் போடப்போகிற ஐப்பசி மாத அறிவிப்பை போனில் காட்டி, "அங்கிள், சரியா இருக்கா பாருங்க" என்றார். தீபாவளிச் சீட்டு கடைசித் தேதி, கொசு மருந்து அடிக்கும் நாள், நாய்க்குட்டி காணவில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசி வரியில் கண் நின்றுவிட்டது: "செம்பரம்பாக்கம் ஏரி 21 அடி. நிரம்ப இன்னும் 3 அடி பாக்கி. யாரும் பயப்பட வேண்டாம்."

பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து. இடம் மாறவில்லை, தாம்பரம் பக்கத்து முடிச்சூர்தான். செய்கிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

டார்ச் வாங்கி வையுங்கள், போனை சார்ஜ் போடுங்கள், அறுந்த கம்பியைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

தப்பான ஏரியைப் பார்ப்பது

அந்தத் தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "செம்பரம்பாக்கத்துத் தண்ணி உன் வாசலுக்கு எந்த வழியா வரும், சொல்லு?"

"அடையாறு வழியா, அங்கிள்."

"அடையாற்றில் எந்த இடத்தில் வந்து சேருது?"

பதில் இல்லை. போனில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். அடையாறு நமக்குத் தெற்கே ஆதனூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி வடக்கே போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அதில் வந்து கலப்பது திருநீர்மலைக்குப் பக்கத்தில். அதாவது நமக்குக் கீழே. அங்கே கலந்த தண்ணீர் அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை என்று கடலைப் பார்த்துப் போகுமே ஒழிய, ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு முடிச்சூருக்கு வராது. அது பெரிதாகத் திறந்தால் நம் பக்கத்துத் தண்ணீர் வடிவது தாமதமாகலாம். ஆனால் நம் தெருவை முதலில் முழுக்குவது ஆதனூரும் மண்ணிவாக்கமும் மற்ற சிற்றேரிகளும் நிரம்பி, கலங்கல் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) வழியாக ஆற்றில் விழுகிற தண்ணீர்தான். டிவியில் அந்த ஏரிகளின் பெயர் வராது. சென்னைக்குக் குடிநீர் தருவது செம்பரம்பாக்கம், அதனால் அதன் மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. நாமும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

2015 நவம்பர் நடுவில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "செம்பரம்பாக்கம் திறந்தால் உடனே சொல்கிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று குழுவில் போட்டேன். கீழ் வீட்டில் ஒரு அம்மா தையல் கடை வைத்திருந்தார். கார்த்திகை முகூர்த்தத்துக்குத் தைக்க வந்த ரவிக்கைத் துணிகள் மூட்டை மூட்டையாகத் தரையில் கிடந்தன. "சார், மெஷினை மேல தூக்கி வச்சிடவா?" என்று கேட்டார். "எதுக்கும்மா வீண் சிரமம்? ஏரி திறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றேன்.

அன்று விடியற்காலையில் மண்ணிவாக்கத்திலிருந்து வருகிற பால்காரர், "ஏரி கோடி போகுது சார், தண்ணி வேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏரி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை. டிவியில் சொல்லாததைப் பால்காரர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. வாசல் பக்கம் அல்ல, கொல்லைப் பக்கம். நான் மாடியிலிருந்து இறங்கியபோது தையல் மெஷினின் மோட்டார் முழுகிவிட்டது. பட்டு ரவிக்கைத் துணிகளின் சாயம் ஒன்றோடொன்று கலந்து, அந்த அறைத் தண்ணீரே கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. எத்தனை பேருக்கு அந்த அம்மா பதில் சொல்லியிருப்பார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால்தான் யாராவது "24 அடிக்கு இன்னும் 3 அடி பாக்கி" என்று எழுதினால் எனக்குச் சுருக்கென்று வருகிறது. அந்தக் கணக்கு செம்பரம்பாக்கத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்கே சரிவராது. 24 அடியும் தளும்பட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை, நீர்வரத்தைப் பார்த்து முன்னாடியே மதகைத் திறந்துவிடுவார்கள்.

இப்போது நாங்கள் செய்வது எளிது. ஆற்றோரச் சிறுபாலத்தின் சுவரில் பெயின்டால் மூன்று கோடு போட்டிருக்கிறோம். மண்ணிவாக்கத்தில் இரண்டு பேர், ஆதனூரில் ஒருவர், கலங்கலில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போன் பண்ணுவார்கள். இரண்டாவது கோட்டைத் தொட்டால் தரைத்தள வீடுகளில் சாமான் மேலே போக வேண்டும். மூன்றாவது கோடு வரை எவரும் காத்திருப்பதில்லை.

கனஅடியையும் கொள்ளளவையும் குழப்புவது

செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இது ஏரியில் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு. "1,000 கனஅடி திறப்பு" என்றால் அது விநாடிக்கு. ஒரு கனஅடி 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துப் பார்த்தால் விநாடிக்கு இரண்டே கால் லாரிக்குக் கொஞ்சம் மேல். 2015 டிசம்பர் 1-ம் தேதி உச்சத்தில் திறந்தது 29,000 கனஅடி, விநாடிக்கு 68 லாரி. "ஆயிரம்தானே" என்று எழுதுகிறவர்களும் சரி, "ஐயோ ஆயிரமா!" என்று அலறுகிறவர்களும் சரி, இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

"நாளை ரெட் அலர்ட்"

எந்த நாளை? திங்கட்கிழமை எழுதினது வியாழக்கிழமை வரை குழு குழுவாகச் சுற்றும், நாலு நாளும் பிள்ளைகள் ஸ்கூல் லீவா என்று கேட்பார்கள். தேதி போடுங்கள், எழுதின மணியையும் போடுங்கள். வானிலை மையத்தின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம், அதுவும் மாவட்டத்தில் எங்காவது. உங்கள் மொட்டைமாடிக்கென்று தனியாக யாரும் சொல்வதில்லை.

மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மறப்பது

மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத் தண்ணீரில் தைரியமாக நடப்பார்கள். இன்வெர்ட்டர் பாட்டரி கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு பிளக் பாயின்டுகளுக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டு மெயினுக்கு அது கட்டுப்படாது. முதலில் அதை அணையுங்கள். முடிந்தால் மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

வாசல் கேட்டுக்கு மட்டும் மணல்மூட்டை

தண்ணீர் கக்கூஸ் வழியாக வரும். அதற்கும் ஒரு மூட்டை வையுங்கள்.

நனைந்த கார்

சாவியைத் திருப்பாதீர்கள். இழுத்துப்போக வண்டி வரட்டும்.

பக்கத்துத் தெருவுக்கு மோட்டார் வைத்து இறைப்பது

கேட்காமல் வைத்தால் சண்டை. கேட்டுவிட்டு வைத்தாலும் சண்டைதான்.

1077-க்கு போன் போட்டு மாவட்டத்தைச் சொல்லாமல் விடுவது

1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. 2019-ல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்ததிலிருந்து முடிச்சூர் செங்கல்பட்டில், ஒட்டியே கிடக்கிற வரதராஜபுரம் காஞ்சிபுரத்தில். தெருப்பெயருக்கு முன்னால் மாவட்டத்தைச் சொல்லுங்கள். லைன் கிடைக்கவில்லையென்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

தீபம் ஏற்றியாச்சு, மழை போயாச்சு

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். 2023-ல் மார்கழி பிறந்தது டிசம்பர் 17. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 சென்டிமீட்டர். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் நாங்கள் மறுபடி முழுகி எழுந்து, மெத்தைகளை மாடியில் காயப்போட்டிருந்தோம்.

தையல்கார அம்மா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் மெஷின் மேசைமேல் ஏறிவிடும், பொங்கல் கழித்துத்தான் இறங்கும். அந்த மூன்று மாதமும் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துதான் தைக்கிறார். என்னிடம் ஏரி நிலவரம் கேட்பதில்லை. பால்காரரின் நம்பர் அவரிடமே இருக்கிறது.