கார்டை அழிக்கும் முன்: புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் இரண்டு தம்பிகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். பட்டைத்தலை வாத்துகள் கூட்டமாகக் கிளம்புகிற விடிகாலை நேரம். ஒருவன் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கார்டு ஃபுல்லாயிட்டு. பழசை அழிச்சிருதேன்" என்று பார்மட்டுக்குப் போனான்.

"அதுல என்ன இருக்கு?"

"அக்கா வளைகாப்பு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்."

"ஏல, திறந்து பாத்தியா?"

"சின்னச் சின்னப் படமா எல்லாம் தெரிஞ்சுது அண்ணாச்சி."

கையைப் பிடித்து நிறுத்தினேன். வாத்து போனால் போகட்டும், அடுத்த வருடமும் வரும். அந்த 'சின்னச் சின்னப் படத்தை' நம்பி நான் இழந்தது திரும்பி வரவில்லை.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகவே தெளிந்துவிடும்.

தம்ப்நெயிலை நம்பி கார்டை அழிப்பது

கல்லிடைக்குறிச்சியில் ஒரு சதாபிஷேகம். ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டு ரீடரில் செருகி எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். போல்டரைத் திறந்தால் வரிசையாகச் சிறு படங்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. மறுநாள் விடியலில் அம்பாசமுத்திரத்தில் முகூர்த்தம் இருந்ததால் அதே கார்டை அழித்துவிட்டுப் படுத்தேன். அந்தக் கல்யாணத்தில் அறுநூறுக்கும் மேல் எடுத்தேன்.

நான்கு நாள் கழித்து ஆல்பத்துக்காகச் சதாபிஷேகப் படங்களைப் பெரிதாகத் திறந்தேன். பாதிக்கு மேல் கெட்டிருந்தன. பெரியவருக்கும் பாட்டிக்கும் கலச நீர் ஊற்றுகிற படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே பித்தளைக் குடம், அதைப் பிடித்திருக்கும் வளையல் கை, குடத்து வாயில் தண்ணீர் கிளம்புகிற இடம் வரைக்கும் துல்லியமாக இருக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. தண்ணீர் விழுந்த இரண்டு தலைகளும் அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டன.

கார்டு ரீடர் கோளாறு. ஆனால் சிறு படம் மட்டும் எப்படி நன்றாகத் தெரிந்தது? கேமரா ஒரு படத்தை எழுதும்போது அதே பைலின் தொடக்கத்தில் அதன் சிறிய பிரதி ஒன்றையும் சேர்த்து வைக்கிறது. அதுதான் தம்ப்நெயில். கம்ப்யூட்டர் பல நேரம் அந்தப் பிரதியைத்தான் எடுத்துக் காட்டும். பின்னால் இருக்கிற முழுப்படம் உடைந்திருந்தாலும் முன்னால் இருக்கிற சிறு படம் பளிச்சென்றே இருக்கும். அது தெரிகிறது என்பதற்காக முழுப்படமும் வந்து சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அழித்த கார்டிலிருந்து மீட்டிருக்கலாமே என்பீர்கள். மீட்டிருக்கலாம், முகூர்த்தத்தை அதே கார்டில் எடுக்காமல் இருந்திருந்தால். பெரும்பாலான கேமராக்களில் டெலிட், பார்மட் இரண்டும் படத்தைத் துடைப்பதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் நீக்குகின்றன. பட்டாவில் பெயரை எடுத்துவிட்டாலும் வயலில் பயிர் அப்படியே நிற்கிற மாதிரிதான். அடுத்த ஆள் வந்து ஏர் பூட்டி உழும்போதுதான் பயிர் போகிறது. நான் அறுநூறு தடவை உழுதிருந்தேன்.

ஆறு மாதத்தில் பெரியவர் காலமானார். மாலை போட்டு வைத்த படம் யாரோ செல்போனில் எடுத்தது. அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் மனது கனக்கிறது.

ஆகவே தம்பிகளே, கார்டிலிருந்து கட் செய்து ஏற்றாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். ஏற்றியபின் படங்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று திறந்து நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொரு ஹார்டு டிஸ்கில் இரண்டாவது பிரதி போடுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு போல்டரில் வைப்பது இரண்டு பிரதி ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இதெல்லாம் முடிந்தபின் கார்டைக் கேமராவில் வைத்தே பார்மட் செய்யுங்கள்.

தவறி அழித்துவிட்டீர்களா? அந்த நொடியே கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளுங்கள். போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே நிறைய மீட்டுத் தரும். மீட்டதைத் திரும்ப அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

64 ஜிபி கார்டில் 59 தான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது

கார்டு செய்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 64-ஐ அப்படி வகுத்தால் 59.6 வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்ததை ஆல்பத்துக்குக் கொடுப்பது

24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 12-க்கு 18 அங்குல ஆல்பத் தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நெருக்கத்தில் அச்சிட நீளப்பக்கம் 5400 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலை அதே நெருக்கத்தில் அடித்தால் சுமார் ஐந்தேகால் அங்குலம்தான் வரும். அதை இழுத்துப் பெரிதாக்கும்போதுதான் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் ஒவ்வொரு கல்லும் கரைந்து மஞ்சள் திட்டாகிறது. டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பைல் அப்படியே போய்ச் சேரும். பென் டிரைவில் கொடுத்தால் இன்னும் நிம்மதி.

72 டிபிஐ என்று பார்த்துப் பயப்படுவது

பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். பைல் விவரத்தில் தெரிகிற அந்த 72, அச்சில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற வெறும் குறிப்பு.

ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படுவது

ஐஎஸ்ஓ என்பது கிடைக்கிற வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு. 'ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும்' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் 100-லேயே நிற்கிறார்கள். அப்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/4 நொடி வரை நீண்டுவிடும். தாலி கட்டுகிற கை அவ்வளவு நேரம் அசையாமல் நிற்குமா? 3200 வரை ஏற்றி 1/125-க்குக் கொண்டு வாருங்கள். புள்ளியைக் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்த படத்தை யாராலும் நிமிர்த்த முடியாது. கூந்தன்குளத்தில் பறக்கிற பறவைக்கு 1/1000-க்கும் மேல் வேண்டும். அங்கே ஐஎஸ்ஓவைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தால் சிறகு வெறும் புகையாகத்தான் பதியும்.

ராவ் பைலின் பெயரை ஜேபெக் என்று மாற்றுவது

ராவ் என்பது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் பைல், ஜேபெக் என்பது சுருக்கிய வழக்கமான படம். பெயரை மாற்றினால் பெயர்தான் மாறும், பைல் மாறாது. மென்பொருளில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ராவை அழித்துவிடாதீர்கள்.

டிஜிட்டல் ஜூம்

படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. வேண்டாம். நடந்து பக்கத்தில் போங்கள்.

சிவப்பு விளக்கு சிமிட்டும்போது கார்டை உருவுவது

கேமரா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. விளக்கு அணையும்வரை கார்டில் கை வைக்காதீர்கள்.