மூக்குத்தியைத் தின்ற தூசி நீக்கி: நெகட்டிவ் ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டியவை

போன வாரம் ஒரு பையன் படம் ஒன்றை அனுப்பி, "அண்ணா, ஸ்கேனர் கோளாறா பாருங்க" என்று கேட்டிருந்தான். பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். நெற்றியும் கன்னமும் மெழுகு உருகினது போல் வழிந்திருந்தன. ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது. 2014இல் நான் செய்த அதே வேலையை அவனும் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

ப்ளோயரால் ஊதுவது, கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அகச்சிவப்பு

ஸ்கேன் செய்யும்போதே தூசியை நீக்கும் வசதிக்கு டிஜிட்டல் ஐஸ், வியூஸ்கேன் மென்பொருளில் இன்ஃப்ராரெட் க்ளீன், சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளில் ஐஎஸ்ஆர்டி என்று பெயர்கள் பல, அடிப்படை ஒன்று. சிவப்பு, பச்சை, நீலத்தோடு அகச்சிவப்பு ஒளியிலும் ஸ்கேனர் ஃபிலிமைப் பார்க்கிறது. கலர் நெகட்டிவைக் கழுவி முடித்தபின் அதில் மிஞ்சுவது சாயம் மட்டுமே. சாயம் அகச்சிவப்பை மறிக்காது. தூசியும் கீறலும் மறிக்கும். மறித்த இடங்களைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை வைத்து மென்பொருள் அங்கே ஒட்டுப்போடுகிறது.

வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும். ஆக, மென்பொருளின் கண்ணுக்குப் படமே தூசி. அதுவும் நெகட்டிவில் வெள்ளி அடர்த்தியாகக் கிடக்கும் இடம் எது? படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டிய இடம். முதல் அடி அங்கேதான் விழும்.

எனக்கு வாய்த்தது பெரியம்மாவின் கல்யாண நெகட்டிவ்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' (Indu) என்ற ஃபிலிம். முந்தின நாள் கலர் நெகட்டிவுக்குப் போட்ட செட்டிங்கை மாற்றாமல், ஃபிலிம் வகையைக்கூடத் தொடாமல், ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஓட்டினேன். நிறத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. சின்ன அளவில் பார்த்தபோது படங்கள் துடைத்து வைத்தது போல் இருந்தன. பெருமையோடு நெகட்டிவ்களைத் திருப்பிக் கொடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியபோது அந்தப் பெட்டியும் போயிற்று.

பிறகு ஒரு படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்குத்தி இல்லாமலாடா எனக்குக் கல்யாணம் நடந்துச்சு?" என்றார். கல்லின் ஒளிப்புள்ளியைத் தூசி என்று நினைத்து, கன்னத்தின் சாம்பல் நிறத்தை எடுத்து அதன்மேல் மெழுகிவிட்டிருந்தது மென்பொருள். கண்ணில் இருந்த வெளிச்சமும் பாதிக்கு மேல் காணோம். வேடிக்கை என்னவென்றால், நிஜத் தூசி சில இடங்களில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, கலர் கெமிக்கலில் கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றிலும் படம் சாயம்தான். எந்த ஃபிலிம் என்று தெரியாவிட்டால், ஒரு ஃப்ரேமை அகச்சிவப்போடும் இல்லாமலும் ஸ்கேன் செய்து, நூறு சதவீத அளவில் கண்ணையும் நகையையும் பாருங்கள்.

கோடாக்ரோம் ஸ்லைடு

கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம் இது. அதன் சயான் (நீலப்பச்சை) சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் மறிக்கும். அகச்சிவப்பை அணைத்துவிடுங்கள்.

'டஸ்ட் ரிமூவல்' என்ற பெயரை நம்புவது

எப்சன் ஸ்கேன் என்ற மென்பொருளில் டிஜிட்டல் ஐஸ் தனி, டஸ்ட் ரிமூவல் தனி. இரண்டாவதற்கு அகச்சிவப்பே கிடையாது. படத்தில் சின்னதாக, சுற்றுப்புறத்துக்கு ஒட்டாமல் தெரிவதெல்லாம் தூசி என்று ஊகிக்கிறது. வாசலில் போட்ட கோலத்தின் புள்ளிகள், பட்டுப்புடவையின் சின்னப் புட்டாக்கள், வானத்தில் தூரத்துக் காக்கை எல்லாமே அதற்குத் தீனி. கறுப்பு வெள்ளைக்கு அகச்சிவப்பு ஆகாது என்று தெரிந்ததும் பலர் நேரே இதில் போய் விழுகிறார்கள்.

எதற்கெடுத்தாலும் ஹெவி

தூசி நீக்கும் தீவிரத்தை எப்போதும் ஹெவியில் வைக்க வேண்டாம். லைட் போதும்.

சுத்தம் செய்த ஃபைலை மட்டும் வைத்துக்கொள்வது

வியூஸ்கேனில் 64 பிட் ஆர்ஜிபிஐ (சிவப்பு, பச்சை, நீலத்தோடு அகச்சிவப்பும் சேர்ந்த) ரா ஃபைலாக, அதாவது திருத்தாத மூலப் பதிவாகச் சேமித்தால், அகச்சிவப்புப் பதிவு தனியாக உள்ளேயே இருக்கும். தூசி நீக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்யாமலும் விடலாம். ஃபைல் பெரிதாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாது என்று ஜேபெக்காகச் சேமித்தேன்.

அந்தப் பையனிடம் நெகட்டிவ் இன்னும் பத்திரமாக இருக்கிறதாம். மறுபடி ஸ்கேன் போட்டுக்கொண்டிருக்கிறான்.